ஆறு நாள் விரதம், ஏழாம் நாள் தராசு

எங்கள் கல்லூரிப் படகுக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய போட்டியில் வெல்லும் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துடுப்பு கொடுப்பார்கள். அதன் அகன்ற முனையில் கல்லூரியின் நிறத்தைப் பூசி, பொன் எழுத்தில் போட்டியையும் வருடத்தையும் எழுதுவார்கள். கீழே வலித்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவரவர் எடை. கடைசி வரியில் பயிற்சியாளரின் பெயர். பயிற்சியாளருக்கு எடை எழுதுவதில்லை.

பன்னிரண்டு வருடங்களில் ஒன்பது வெற்றிகளின் துடுப்புகளில் என் பெயர் ஏறியிருக்கிறது. அவற்றில் ஒன்று லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழ் வீட்டின் முன்னறையில், சாமிப்படங்களுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை.

சென்ற மாதம் கழகச் செயலாளர் ஆண்டு மலருக்காக என் பயிற்சிக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வேலை பார்த்தவள் ஆகையால் நேரத்துக்கு, சொன்ன அளவுக்குக் கொடுத்தேன். அதிலுள்ள எந்த வசனத்திலும் பிழை இல்லை. அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டதை இங்கே எழுதுகிறேன்.

பதினொரு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். கல்லூரியில் முதல் வாரமே, உயரம் குறைவு, எடையும் குறைவு என்று பார்த்து, என்னைப் படகின் பின்முனையில் உட்காரவைத்துச் சுக்கானைக் கையில் கொடுத்தார்கள். துடுப்பு வலிப்பவர்களுக்குப் போகும் வழி தெரியாது; அவர்கள் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, யார் களைத்துவிட்டார், யார் களைத்ததை மறைக்கிறார் என்று கண்டுபிடித்துக் கத்துவதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. படிப்பு முடிந்தபின் இல்ஃபோர்டில் ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் ஏழு வருடம் நிருபராக இருந்தேன். கவுன்சில் கூட்டம், நீதிமன்றம், தீ விபத்து. சனி ஞாயிறுகளில் தேம்ஸ் கரையிலுள்ள பட்னிக்குப் போய் மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். பத்திரிகையை மூடினார்கள். கல்லூரி என்னை முழுநேரத்துக்கு எடுத்தது.

எனக்குக் கொடுத்தது பெண்கள் லைட்வெயிட் குழு. அந்தப் பிரிவின் விதி எளியது. ஒருத்தியும் ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டக்கூடாது. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தராசில் ஏற வேண்டும். ஒருத்தி நூறு கிராம் கூடினாலும் படகு முழுவதும் வெளியே. தராசை விட்டு இறங்கியபின் எவ்வளவும் சாப்பிடலாம். உலக அளவில் இந்தப் பிரிவை இப்போது மெல்ல மூடி வருகிறார்கள். அதற்கான காரணங்களை வாசிக்கும்போது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

என் குழுக்கள் தராசில் தவறியதே இல்லை. மற்றப் பயிற்சியாளர்கள் அதைச் சொல்லி என்னைப் பாராட்டுவார்கள். எப்படி என்று கேட்டால் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுவேன். ஒவ்வொருத்தியின் காலை எடை, தூக்கம், மாதவிலக்குத் தேதி, வீட்டுச் சூழல், எல்லாம் அதில் இருக்கும். நிருபரின் பழக்கம். எழுதிவைத்தால் கவனித்துவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடும்.

அந்தக் கோலியர்ஸ் வுட் வீட்டுப் பெண், படிப்பின் இரண்டாம் வருடத்தில் என்னிடம் வந்தாள். கணக்கியல் மாணவி, லண்டனில் பிறந்தவள், தாய் தந்தை யாழ்ப்பாணம். எங்கள் கழகத்தில் என்னைத் தவிர வேறு தமிழர் இருந்ததில்லை. எடை வரம்பில்லாத பொதுப் பிரிவுக்கு அவள் உயரம் போதாது. லைட்வெயிட்டுக்கு மூன்று கிலோ அதிகம். ஆனால் அவள் துடுப்பைத் தண்ணீரில் வைக்கும்போது சத்தம் வராது. அப்படி வைக்கக் கற்றுக்கொடுக்க முடியாது.

விடியற்காலைப் பயிற்சிக்கு வீட்டில் சம்மதம் வாங்க நானே போனேன். தகப்பன் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். தாய் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோசையும் சம்பலும் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"படகுக்கும் ரீச்சர் இருக்கினமோ?"

இருக்கிறார்கள் என்றேன்.

"தண்ணியிலை விழுந்தா ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு அக்கா."

"அப்ப சரி ரீச்சர்" என்றார். அதன்பின், டீச்சர் இல்லை, கோச் என்று எத்தனை தரம் திருத்தினாலும் அவருக்கு நான் ரீச்சர்தான்.

அவர்கள் வீட்டில் மகள் சாப்பிடாமல் எழுந்துபோக முடியாது. தட்டில் மிஞ்சியதைத் தாய் பார்ப்பார். பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார். அக்டோபரில் ஒரு மாலை, பயிற்சி முடிந்து என் காரில் வரும்போது அவள் இதைச் சொன்னாள். படகில் என்னைக் 'கோச்' என்பாள்; காரில் ஏறினால் உறவுக்காரி மாதிரி 'அன்ரி'. நவம்பர் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. எடை இறங்கவில்லை. நால்வர் படகில் அவளுடைய இடத்துக்கு இன்னொருத்தி காத்திருந்தாள். காத்திருந்தவள் பரவாயில்லை, ஆனால் வெல்ல மாட்டாள்.

நான் யோசித்து நேரம் எடுத்ததாக நினைவில்லை. அடுத்த கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது என்றேன். ஆறு நாள். விரதம் பிடிக்கப் போவதாக அம்மாவிடம் சொல். ஒரு தாயும் விரதகாரியின் தட்டில் கரண்டி வைக்க மாட்டாள்.

ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளருக்கு இந்த யோசனை வந்திருக்காது. வர வழியில்லை.

அவள், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக, முருகன் கோபிக்க மாட்டாரா என்று கேட்டாள். அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

"அவருக்கென்ன அன்ரி. சுமக்கிறது மயில். அவர் தராசிலை ஏறத் தேவையில்லை."

இருவரும் சிரித்தோம். நான் உண்மையாகவே சிரித்தேன்.

அன்று இரவே தாய் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை தானாகவே கேட்டாள் என்றார். ஊரில் பிறந்த பிள்ளைகளே பிடிக்காத விரதம் என்றார். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து பழக்கவழக்கம் போய்விடும் என்று பயந்திருந்தாராம்.

"நீங்கள் ஒரு தமிழ் ஆள் பக்கத்திலை நிக்கிறபடியால்தான் ரீச்சர்."

"ஓம் அக்கா" என்றேன்.

அன்றைய நோட்டில், வீட்டுச் சூழல் என்ற இடத்தில், "வீடு: சரி" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கந்தசஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். ஏழாம் நாள் காலையில் பூசை முடிந்து பாறணை. அன்றைக்குத்தான் விரதகாரர் வயிறாரச் சாப்பிடுவது. எங்கள் போட்டியும் எடை நிறுப்பும் அந்த ஏழாம் நாளில் விழுந்தன. நாள் பொருந்தியதை நான் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தேன். நான் பார்க்காமல் விட்டது ஒன்று: தாயும் அந்த ஆறு நாளும் மகளோடு சேர்ந்து விரதம் இருந்தார். மகள் சாப்பிடுமுன் தான் சாப்பிடுவதில்லை என்றும் நினைத்திருந்தார்.

அன்று காலை எட்டு மணிக்கு, அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, பட்னியில் படகுக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். நாலு மணிக்கு எழுந்து சமைத்ததாகச் சொன்னார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். உள்ளே அவருடைய மகள் இருநூறு கிராம் அதிகமாக இருந்தாள். வியர்த்து எடை இறங்க, மூன்று மேற்சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடிவிட்டு வந்து, இப்போது துடுப்பு இயந்திரத்தில் வலித்துக்கொண்டிருந்தாள். எடை நிறுப்புக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"பிள்ளை எங்கை ரீச்சர்? ஆறு நாள் வெறும் வயிறு. ரெண்டு வாய் எண்டாலும் குடுத்திட்டு நிக்கிறன்."

நான் வாசலை மறைத்தபடி நின்றேன். கோயிலில் பூசை இன்னும் முடிந்திருக்காது, முடிந்தபிறகுதானே பாறணை என்றேன். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்து, ஒன்பதரைக்குப் பிறகு என்று நேரமும் சொன்னேன்.

அவர் அதை நம்பினார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். "நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நவம்பர் காற்று ஆற்றிலிருந்து நேரே அந்தப் பெஞ்சுக்குத்தான் வரும். கேரியரை மடியில் வைத்து, சூடு போகாமல் இருக்கத் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அதைச் சுற்றினார். ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார். நான் உள்ளேயிருந்து மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். உள்ளே தராசு இருந்தது.

மகள் நிறுப்பில் தேறினாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தாய் குழைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டாள். தாய் அதன்பின் சாப்பிட்டார். குழுவிலிருந்த மற்ற மூன்று பெண்களும் பாயசத்துக்குப் போட்டிபோட்டார்கள். பதினொன்றரைக்குப் படகு இறங்கியது. வென்றோம். அந்தப் படம் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது: நான்கு பெண்கள், நான், ஓரத்தில் வெறும் கேரியரோடு தாய். துடுப்புக்கு எழுத்து எழுதுகிறவருக்குப் பெயர்களையும் எடைகளையும் அனுப்புவது பயிற்சியாளரின் பொறுப்பு. அனுப்பினேன்.

அதன்பின் நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ்க் கடையில் கொடுக்கும் நாட்காட்டி அவர்கள் குசினியில், அடுப்புக்கு மேலே தொங்கியது. தேடினால் அதில் வாரத்துக்கு ஒரு விரதமாவது இருக்கும். வெள்ளிக்கிழமை தொடங்கினாள். பிள்ளையார் கதை விரதம் இருபத்தொரு நாள் பிடித்தாள். திருவெம்பாவை, பிரதோஷம், சதுர்த்தி. ஒவ்வொன்றையும் எப்படிப் பிடிப்பது என்று தாயிடமே கேட்டாள். தாய் பெருமையோடு சொல்லிக்கொடுத்தார். வேலையிடத்தில் சொன்னார், கோயிலில் சொன்னார், எனக்கும் அடிக்கடி சொன்னார். "வெள்ளைக்காரரோடை படகு வலிச்சும் புத்தி வந்திருக்கு" என்று மகளைக் கேலிசெய்வார்.

வசந்தத்தில் அவள் எல்லைக்கு இரண்டு கிலோ கீழே இருந்தாள். போட்டி இல்லாத வாரங்களிலும் விரதம் இருந்தாள். என் நோட்டில் மாதவிலக்குத் தேதிக்கான கட்டம் அவள் பெயருக்கு நேரே ஐந்து மாதம் காலி. அதைக் கவனித்தேன். மற்றவர்களைக் காலிக் கட்டங்களுக்காக அழைத்து விசாரித்திருக்கிறேன். அவளை அழைக்கவில்லை. அழைத்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய எடைக்கு நேரே "நன்று" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வருடம் மார்ச்சில், பயிற்சிக்கூடத்தில் துடுப்பு இயந்திரத்தில் வலித்துக்கொண்டிருந்தவள், சத்தமில்லாமல் பிடியை விட்டுவிட்டு விலாவைப் பிடித்தாள். நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். தாய் வேலையுடுப்போடு வந்து சேர்ந்தார். இரண்டு விலா எலும்புகளில் வெடிப்பு. விழாமல், அடிபடாமல் வந்த வெடிப்பு. இந்த வயதுக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அவளைக் கேட்டார். அவள் சுவரைப் பார்த்து, விரதம் பிடிப்பதாக, அது மதம் சம்பந்தமானது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தாய்க்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கியது. மருத்துவரை நோக்கித் தமிழில் பேசத் தொடங்கினார்.

"நான்தான் பழக்கினது. ஒவ்வொரு விரதமும் நான்தான் சொல்லிக் குடுத்தனான். பிள்ளையிலை பிழையில்லை. என்ரை பிழை."

அவர் என்ன சொல்கிறார் என்று மருத்துவர் என்னைக் கேட்டார். மகள் சுவரிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன்: பிழை தன்னுடையது என்று தாய் சொல்கிறார். பத்திரிகையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், கூற்று யாருடையது என்று குறிப்பிடாமல் விடக்கூடாது என்பது. விடவில்லை. மருத்துவர் தாயின் கையைத் தொட்டு, கடவுள் யாரிடமும் இவ்வளவு கேட்கமாட்டார் என்று இதமாகச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

நான் வேலையில் செய்தவற்றில் பல நினைத்தால் கூசும். ஆனால் இந்த இரண்டு மொழிபெயர்ப்புகள்தான் பல் துலக்கும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும்.

பத்து நாள் கழித்துத் தாய் அழைத்தார். மருத்துவர் விரதத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லியிருப்பதால், லூயிஷாம் கோயிலுக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கணவருக்கு ஷிப்ட், கூட்டிப்போக ஏலுமா? போனேன். ஞாயிறு காலை. மகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். தீபாராதனையின்போது கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவரில்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குரிய ஆள் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பியவர் தன் கையிலிருந்த திருநீற்றில் பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

திரும்பும் வழியில், கேட்ஃபோர்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது சொன்னேன். முதல் கந்தசஷ்டி நான் சொல்லிக்கொடுத்த பொய் என்றேன். பாறணை நேரமும் பொய் என்றேன். நிருபர் எழுதுவதுபோல, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

அவர் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழம் உருண்டு காலடியில் விழுந்தது, குனிந்து எடுத்தார்.

"தண்ணியிலை விழுந்திடுவாள் எண்டுதான் நான் பயந்தனான்" என்றார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேனா என்று நினைவில்லை. வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது பேசினார்.

"நீங்கள் எனக்குச் சொன்னது அவளுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"தெரியவேண்டாம். தாய்க்குப் பொய் சொன்னது தாய்க்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா, அவள் எனக்கு முன்னாலை ஒரு வாயும் வைக்க மாட்டாள். நான் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைச்சிட்டனெண்டு சொல்லுறன். இனி அவளுக்கு விரதமில்லை, மூண்டு நேரமும் எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடவேணும், அதுதான் நேர்த்தி. முருகன்ரை பேரைச் சொன்னா மாட்டனெண்டு சொல்லேலாது. அதை நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள்."

கார் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தபின், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"இனி எங்கடை வீட்டுக்கு வராதேங்கோ."

ரீச்சர் என்று சொல்லவில்லை.

மறுநாள் கல்லூரி விளையாட்டுப் பிரிவுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாணவி ஒருத்தி சாப்பிடாமல் இருப்பதை வீட்டில் மறைக்க நான் வழி சொன்னேன் என்று எழுதினேன். கூப்பிட்டுப் பேசினார். நேர்மையைப் பாராட்டினார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மருத்துவப் பரிசோதனை விதி வந்தது. விரதம் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க முயன்றேன். உணவுப் பழக்கம் என்று குறித்துக்கொண்டார். என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. அதன்பின் இரண்டு துடுப்புகளில் என் பெயர் ஏறியது. அந்தக் குழுக்களிலும் ஒருத்தியும் தராசில் தவறவில்லை. காலிக் கட்டங்களுக்காக ஒவ்வொருத்தியையும் அழைத்து விசாரித்தேன். இரண்டு பேரைப் படகிலிருந்து நானே இறக்கினேன். இதை எனக்குச் சாதகமாகச் சேர்த்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இதெல்லாம் ஒரு பெண்ணின் விலா வெடித்த பிறகு.

அந்தப் பெண் மறுபடி படகு வலிக்கவில்லை. தேறிவர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் போட்டியன்று காலையில் வாழ்த்து அனுப்புவாள். நானும் அனுப்புவேன். ஒருமுறை அழைத்தபோது, அம்மா ஏதோ நேர்த்தி வைத்துவிட்டு, மூன்று நேரமும் எதிரே உட்கார்ந்து தராசு மாதிரித் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். தாய் எனக்குக் கொடுத்த வேலை இந்தப் பொய் ஒன்றுதான். இதைப் பிழையில்லாமல் செய்துவருகிறேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுத முடிகிறது. தாய் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர். அவர் கண்ணில் பட்டால் படட்டும்.

சென்ற ஆவணியில் அவளுடைய பிறந்தநாள் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். முன்னறை, கேக், தகப்பன், தாய். தாய் கேக்கை மகளின் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் துடுப்பு. பத்திரிகையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பழகியவள், அதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு பெயர்கள் இருந்தன. மூன்று பெயர்களுக்கு நேரே எடை இருந்தது. அவளுடைய பெயருக்கு நேரே பொன் எழுத்து சுரண்டப்பட்டு, அடியிலிருந்த வெறும் மரம் தெரிந்தது. குசினிக் கத்தியால் அவசரமின்றிச் சுரண்டியிருக்க வேண்டும். பக்கத்து எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கடைசி வரியில் என் பெயர் அப்படியே இருந்தது.